சிலுவைப் போரும் சோழமண்டலக் கரையும்

1950 ஜூலை 18 அன்று போர்த்துக்கல் அரசும் வத்திக்கானும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு யார் ஆயராக வர வேண்டும் என்பதில் அதுவரை லிஸ்பனுக்கு இருந்த உரிமை அன்றோடு முடிந்தது. இந்தியா குடியரசாகி அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. 1952 நவம்பரில், ரோம் நேரடியாக நடத்திவந்த சென்னை மறைமாவட்டமும் போர்த்துக்கீசியரின் புரவலில் இருந்த மயிலாப்பூரும் சேர்ந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின. அதற்கு முன் இந்நகரத்துக் கத்தோலிக்கர் இரண்டு ஆயர்களின் அதிகாரத்தில் பிரிந்து கிடந்தார்கள். ஒரு பங்கு ரோமைப் பார்க்கும். பக்கத்துப் பங்கு லிஸ்பனைப் பார்க்கும்.

லிஸ்பனுக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் ஆச்சரியமான இடத்தில் போய் நிற்போம். 1455இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் வெளியிட்ட ஆணை, முஸ்லிம்கள் மீதும் பிற கிறிஸ்தவரல்லாதார் மீதும் போர் தொடுக்கவும், அவர்கள் நிலத்தைக் கைப்பற்றவும், அவர்களை அடிமைகளாக்கவும் போர்த்துக்கல் மன்னருக்கு அனுமதி தந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆணை, புதிதாகப் பிடிக்கும் நாடுகளின் ஆன்மிக அதிகாரத்தைக் 'கிறிஸ்துவின் சபை' என்ற வீரர் சபையிடம் ஒப்படைத்தது. அந்தச் சபை 1319இல் உருவானது. அதற்கு முதலாக இருந்தவை, சில ஆண்டுகளுக்கு முன் கலைக்கப்பட்ட டெம்ப்ளர் வீரர் சபை போர்த்துக்கல்லில் விட்டுச்சென்ற கோட்டைகளும் நிலங்களும். டெம்ப்ளர்களோ, 1099இல் சிலுவைப்படை ஜெருசலேமைப் பிடித்த பிறகு அந்த நகரத்தில் தோன்றியவர்கள். 1551இல் கிறிஸ்துவின் சபையின் தலைமை போர்த்துக்கல் அரியணையோடு நிரந்தரமாக இணைந்தது. மன்னராட்சி 1910இல் ஒழிந்த பிறகும் அந்த உரிமையின் மிச்சம் குடியரசிடம் தங்கியிருந்தது. பாலஸ்தீனத்தில் தொடங்கிய ஒரு போரின் சட்ட வாரிசுரிமை, இராயபுரத்தில் ரயில் வந்து ஏறத்தாழ நூறு ஆண்டு கழிந்த பின்னும் இந்த நகரத்தில் உயிரோடு இருந்திருக்கிறது.

நம் பள்ளிப் பாடத்தில் சிலுவைப் போர் இடைக்கால ஐரோப்பாவோடு வந்து போகும். 1095இல் திருத்தந்தை இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பு, 1187இல் ஸலாஹுத்தீன் ஜெருசலேமை மீட்டது, 1291இல் பாலஸ்தீனக் கரையின் ஆக்கர் (Acre) நகரம் வீழ்ந்தது என்று தேதிகளோடு முடிந்துவிடும். வாஸ்கோ ட காமா வேறொரு பாடத்தில் மிளகு தேடி வருவார். இரண்டு பாடங்களுக்கும் நடுவில் விடுபட்டுப்போகும் தொடர்பைத்தான் இந்தக் கட்டுரை பார்க்க முயல்கிறது. சிலுவைப் போர் நம் கரைக்கு வந்ததா? வந்தது என்றால் எந்த உருவில் வந்தது, எதை விட்டுச் சென்றது?

அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. கே.எம். பணிக்கர் 1953இல் வெளியிட்ட நூலில், போர்த்துக்கீசியரின் வருகை இஸ்லாத்துக்கு எதிரான பழைய சிலுவைப் போரின் கடல்வழித் தொடர்ச்சி என்றார். விடுதலை பெற்ற புதிதில் எழுதியவர். ஐரோப்பிய ஆதிக்கம் முழுவதையும் ஒரே வரலாறாகப் பார்க்கும் வேகம் அவரிடம் இருந்தது. சஞ்சய் சுப்ரமணியம் 1997இல் எழுதிய வாஸ்கோ ட காமா வரலாறு அந்தப் படத்தைக் கலைத்துப் போட்டது. காமாவை அனுப்பிய போர்த்துக்கல் மன்னர் மனுவேலுக்கு ஜெருசலேம் கனவு உண்மையாகவே இருந்தது. ஆனால் அவருடைய பிரபுக்களில் பலருக்கு அது இல்லை, அவர்களுக்கு வேண்டியது கொள்ளையும் வணிகமும் என்று சுப்ரமணியம் காட்டினார். என் வாசிப்பில் இருவருமே பாதி சரி. ஆணை சிலுவைப் போரினுடையது. அதை நம் கரையில் நிறைவேற்றியவர்கள் பெரும்பாலும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களோடு சேர்ந்துகொண்ட நம்மவர்களுக்கும் தனிக் கணக்குகள் இருந்தன. கரையின் வரலாற்றை இந்த மூன்றாவது தரப்பை விட்டுவிட்டு எழுத முடியாது.

போர்த்துக்கீசியர் வருமுன் இங்கு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு மயிலாப்பூரே சாட்சி. புனித தோமாவின் கல்லறை என்று நம்பப்பட்ட இடத்துக்குக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் திருப்பயணம் வந்தார்கள், அங்குள்ள செம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் சென்றார்கள் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா இன்னும் நுட்பமான செய்தி தருகிறார்: சிதைந்து கிடந்த அந்தக் கோயிலில் விளக்கெரித்துப் பார்த்துக்கொண்டவர் பிச்சை எடுத்து வாழ்ந்த ஒரு முஸ்லிம். 1523இல் போர்த்துக்கீசியர் கல்லறையைத் திறந்து தோண்டினார்கள். அதைச் சுற்றி அவர்களது சாந்தோம் ஊர் எழுந்தது. அந்த விளக்குக்காரர் பிறகு என்ன ஆனார் என்று தெரியவில்லை. ஒரு கத்தி கூட உருவப்படாமல் நடந்த இந்த மாற்றத்தைப் பெரிய போர்களுக்குச் சமமாக வைத்துப் பார்க்கிறேன். இரு சமயத்தார் சேர்ந்து வணங்கிய இடம் ஒருவருக்கு மட்டும் உரியதானது.

மேற்குக் கரையில் கத்தி உருவப்பட்டது. 1498 மே மாதம் காமாவின் கப்பலிலிருந்து கள்ளிக்கோட்டையில் கரையேறிய போர்த்துக்கீசியக் கைதியை முதலில் எதிர்கொண்டவர்கள் துனிஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர். அவர்கள் காஸ்டிலிய மொழியும் ஜெனோவா மொழியும் பேசினார்கள். வட ஆப்பிரிக்காவில் எந்தப் பகையைக் கண்டு வளர்ந்தார்களோ அதே பகையை இரு தரப்பும் இங்கே அடையாளம் கண்டுகொண்டன. 1502இல் இரண்டாம் முறை வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகளின் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு கொளுத்தினார். 1509இல் தியூவில் எகிப்து, குஜராத், கள்ளிக்கோட்டைக் கப்பல்கள் தோற்றன. 1511இல் மலாக்கா வீழ்ந்தது. இந்தக் காலத்திலேயே கடலில் போகும் எந்த வணிகருக்கும் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். சீட்டுக்குப் பணமும் சுங்கமும் கொடுத்தால் முஸ்லிம் கப்பலும் போகலாம். புனிதப் போரில் எதிரிக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழி விடுவது எந்த வேதத்திலும் இல்லை. இந்த ஒரு சீட்டே போர்த்துக்கீசிய ஆட்சியின் உள்மனத்தைக் காட்டிவிடுகிறது.

போர்த்துக்கீசியர் முஸ்லிம்களை இரண்டாகப் பிரித்தும் பார்த்தார்கள்: மக்காவிலிருந்து வந்த அயலவர், மண்ணின் முஸ்லிம்கள். கொச்சியில் முதல் இருபது ஆண்டுகள் அவர்களுக்கு மிளகு கொள்முதல் செய்து கொடுத்தவர்களில் மரைக்காயர் குடும்பங்கள் இருந்தன. விலையும் உரிமையும் ஒத்துவராமல் போனபோதுதான் அந்த உறவு முறிந்தது. முறிந்த பிறகு குஞ்ஞாலி மரைக்காயர்கள் கள்ளிக்கோட்டை மன்னரான சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களாகி முக்கால் நூற்றாண்டு போரிட்டார்கள். பொன்னானியில் ஷெய்க் ஸைனுத்தீன் மக்தூம் 1580களில் அரபியில் எழுதி முடித்த 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' இந்தப் போருக்கு அழைப்பு விடுத்த நூல். சமயப் போருக்கான அந்த நூலிலேயே, சுல்தான்கள் கைவிட்டபோது முஸ்லிம்களுக்காகச் செல்வத்தைச் செலவழித்தவர் இந்து மன்னரான சாமூத்திரி என்று அவர் நன்றியோடு பதிவு செய்கிறார். ஆனால் 1600இல் அதே சாமூத்திரி மரபு போர்த்துக்கீசியரோடு சேர்ந்து முற்றுகையிட்டு நான்காம் குஞ்ஞாலியைப் பிடித்தது. அவர் கோவாவில் கொல்லப்பட்டார். சமயத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த இரண்டு செய்திகளில் ஒன்றுகூடப் புரியாது.

தமிழ்க் கரையில் இந்தப் போர் தன் உண்மையான தடத்தைப் பதித்தது முத்துக்குளித்துறையில். சங்கு குளித்தும் முத்துக் குளித்தும் வாழ்ந்தவர்கள் பரதவர். முத்துச் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பின் வரி, குத்தகை, விற்பனை ஆகியவற்றில் காயல் பகுதி முஸ்லிம் வணிகர்களின் கை ஓங்கியிருந்தது. 1530களில் இரு தரப்புக்கும் மோதல் முற்றியது. ஒரு பரதவரின் காதணியைக் காதோடு அறுத்ததில் தொடங்கியது என்று இயேசு சபையார் பிற்காலத்தில் எழுதிய நூல்கள் சொல்லும். அந்தக் கதையைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. கள்ளிக்கோட்டையில் பிறந்து லிஸ்பனில் ஞானஸ்நானம் பெற்ற ஜுவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடுமாறு பரதவத் தலைவர்களுக்கு வழி காட்டினார். தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 1537 ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. சுமார் 20,000 பேர் என்று திருச்சபை வரலாறுகள் கூறும். 1538இல் மண்டபம் பக்கத்து வேதாளையில் மார்த்தீம் அஃபோன்சோ த சௌசாவின் படை மரைக்காயர்களின் கப்பல்படையை முறியடித்தது. அத்தோடு சலாபத்தின் மேலாதிக்கம் கைமாறியது.

இதை மதமாற்றம் என்று மட்டும் சொல்பவர்களும் வாள்முனைப் பரப்பல் என்று சொல்பவர்களும் பரதவர்களைச் சற்றே அவமதிக்கிறார்கள் என்பது என் கருத்து. அவர்கள் சிந்தித்து முடிவெடுத்தவர்கள். கடலில் வலிமை மாறுவதைக் கண்டு, கூடிப் பேசி, குலமாகவே நகர்ந்தார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இங்கு வந்தபோது கண்டது, பெயரளவில் கிறிஸ்தவர்களாகி ஐந்தாண்டு ஆகியும் செபம் சொல்லித்தர ஆளில்லாத மக்களை. தமிழ் தெரியாத அவர், சொற்களை மனப்பாடம் செய்து ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறை வரியில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களின் ஊதியத்துக்கு விட்டுக்கொடுக்குமாறு அவர் அரசிக்கு எழுதி, பெற்றும் கொடுத்தார். முத்துக் குளித்தவனின் உழைப்பு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை இந்த ஒரு செய்தி சொல்லிவிடும். போர்த்துக்கீசியக் காப்பாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் சவேரியாரின் கடிதங்களில் இருக்கிறது. அந்தக் கரையின் படைத்தலைவன் கொஸ்மே தெ பைவா தன் லாபத்தைப் பார்த்துக்கொண்டு மக்களைக் கைவிட்டதை மனம் கொதித்து அவர் கண்டித்தார். சிலுவையின் பெயரால் வந்த காவல், சிலுவை அணிந்தவர்களையே விற்கத் தயங்கவில்லை.

இந்த மோதலின் விளைவுகளில் ஒன்றைத் தமிழர்கள் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதன் பின்னணியைச் சொல்வதில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் வெளிவந்த முதல் அச்சு நூல். அதை ஆக்கிய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்றது முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம், எழுதியது அவர்களுக்காக. தமிழ் அச்சுக்கலை ஒரு வணிகப் போரின் கரையில் பிறந்தது.

இன்னொரு விளைவு ஊர்களின் அமைப்பில் இருக்கிறது. தூத்துக்குடியும் மணப்பாடும் ஒருபுறம், காயல்பட்டினமும் கீழக்கரையும் மறுபுறம் எனத் தொழிலும் சமயமும் ஒன்றுசேர்ந்த தனித்தனி ஊர்களாகக் கரை இறுகியது. ஆனாலும் கடல் அந்த ஊர்க்காரர்களைப் பிரிய விடவில்லை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்த பிறகும், ஆங்கிலேயர் காலத்திலும், முத்துச் சலாபத்தில் பரதவரும் முஸ்லிம்களும் ஒரே பருவத்தில் மூழ்கினார்கள். இன்று சென்னை மண்ணடியின் கடைத்தெருக்களில் காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும், வடக்கே துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் தென்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களும் வாழ்கிறார்கள். வேதாளைப் போரின் இரு தரப்பு வாரிசுகளும் ஒரே பேருந்தில் பாரிமுனைக்குப் போகிறார்கள். அவர்களில் எவரும் அந்தப் போரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

வடசென்னைக் கரைக்கு வருவோம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போய்க் காட்டுப்பள்ளியைத் தாண்டினால் பழவேற்காடு. 16ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் முதன்மைத் துறைமுகம் அதுதான். விஜயநகரத்தின் வாசல் என்று சொல்லலாம். மலாக்காவுக்குத் துணி இங்கிருந்து போயிற்று. தமிழ் முஸ்லிம்களும் செட்டிகளும் அந்த வணிகத்தை நடத்தினார்கள். 1515இல் போர்த்துக்கீசியர் இங்கே நிறுவியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. பழைய பள்ளிவாசல்களும் இருக்கின்றன. மேற்குக் கரையின் போர் இங்கே எதிரொலித்த விதம் வேறு. விஜயநகர மன்னர்களின் நிலத்தில் போர்த்துக்கீசியர் கோட்டை கட்ட முடியவில்லை. கோவாவின் கண்காணிப்பைத் தட்டிக் கழித்துவிட்டு வந்து குடியேறிய தனி வணிகர்களே அதிகம். அவர்களுக்குப் பழவேற்காட்டு முஸ்லிம் வணிகர் போட்டியாளர். பல நேரம் கூட்டாளி. மலாக்காவில் இடம் சுருங்கியபோது முஸ்லிம் வணிகம் சுமத்ராவின் ஆச்சே போன்ற துறைகளுக்குத் திரும்பிக்கொண்டது. சிலுவைப் போர் இங்கே கப்பல் வழித்தடத்தை மாற்றியது, தெருக்களை எரிக்கவில்லை.

உண்மையில் இந்த வடக்குக் கரையில் பீரங்கி முழங்கியபோது இரு பக்கமும் கிறிஸ்தவர்களே இருந்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து புறப்பட்ட போர்த்துக்கீசியர், பழவேற்காட்டில் புராட்டஸ்டன்ட் டச்சுக்காரர் வைத்திருந்த பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர் கெல்திரியா கோட்டையை எழுப்பினார்கள். அங்கிருந்து துணியோடு சேர்த்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைப் பிடித்தது. 1672இல் கத்தோலிக்கப் பிரெஞ்சுக்காரர் அதைச் சுல்தானிடமிருந்து பறித்தனர். 1674இல் நிலத்தில் கோல்கொண்டா முஸ்லிம் படையும் கடலில் டச்சுப் புராட்டஸ்டன்ட் கப்பல்களும் கைகோத்துப் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றின. இந்தப் பட்டியலை எந்தச் சமயப் போர்க் கோட்பாட்டிலும் அடக்க முடியாது. ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயர் இதையெல்லாம் மூன்று மைல் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராயபுரத்துப் படகோட்டிகள் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் பணத்தில் புனித இராயப்பர் கோயிலைக் கட்டியபோது, அது அலைகளினூடே சரக்கு இறக்கிப் பிழைத்த உழைப்பாளிகளின் கோயிலாக எழுந்தது. எவரையும் வென்றதன் சின்னமாக எழவில்லை.

இலங்கையில் காயம் ஆழம். கோட்டை அரசின் நிலப்பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைப் போர்த்துக்கீசியர் 1626இல் விரட்டினார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்ந்தார்கள். கிழக்கிலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் செறிந்திருப்பதற்கு முன்பே இருந்த குடியிருப்புகளோடு இந்தக் குடியேற்றமும் ஒரு காரணம். லிஸ்பனின் வெறுப்புக்கு ஒரு பௌத்த மன்னரின் நிலம் விடை சொன்னது.

இனி நினைவின் கதை. ஆயிரம் ஆண்டாகக் கிறிஸ்தவமும் இஸ்லாமும் ஓயாமல் போரிடுகின்றன என்று இன்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையின் வயது அவ்வளவு இல்லை. சிலுவைப் போரை வீரகாவியமாக ஐரோப்பா மீண்டும் எழுதத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில், காலனிகளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. 1898இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் டமாஸ்கஸில் ஸலாஹுத்தீன் கல்லறைக்கு மலர்வளையம் வைத்தார். அரபு உலகில் ஸலாஹுத்தீன் முற்றிலும் மறக்கப்பட்டிருந்தார் என்பது மிகை. ஆனால் காலனி எதிர்ப்பின் நாயகராக அவர் புத்துயிர் பெற்றது இந்தக் காலத்தை ஒட்டித்தான். 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி ஜெருசலேமுக்குள் நுழைந்தபோது லண்டன் இதழ் ஒன்று அதைக் கடைசிச் சிலுவைப் போர் என்று படம் போட்டது. பிரிட்டிஷ் அரசோ அப்படி எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளை முன்பே கேட்டுக்கொண்டிருந்தது. காரணம் இந்தியா: பாலஸ்தீனப் போர்முனையில் இந்திய முஸ்லிம் வீரர்களும் நின்றார்கள். அந்த அச்சம் வீண் போகவில்லை. துருக்கி துண்டாடப்பட்டபோது கிலாபத் இயக்கம் எழுந்தது. 1920 ஆகஸ்டில் காந்தியும் கிலாபத் தலைவர் ஷவுக்கத் அலியும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார்கள். கலீபாவுக்காக இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்ற அந்தக் கூட்டத்தை ஜெருசலேமின் சிலுவை வீரர்களால் கற்பனை செய்திருக்க முடியாது.

நம் நூற்றாண்டில் இந்த நினைவு ஆயுதமாகியிருக்கிறது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டவன், இடைக்காலப் போர்களின் பெயர்களைத் தன் துப்பாக்கிகளில் எழுதியிருந்தான். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பிலும், மட்டக்களப்பு சீயோன் கோயிலிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். சதி அதற்கு முன்பே தொடங்கிவிட்டதை விசாரணைகள் காட்டின. மட்டக்களப்பில் இறந்த தமிழ்க் குழந்தைகளுக்கும் அருகிலிருந்த முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவே 1099இன் கணக்கு எதுவும் இல்லை. உள்நாட்டுப் போரின் காயங்கள் இருந்தன. வெளியிலிருந்து இறக்கிய வெறி இருந்தது. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்தாரும் நேர்ந்துகொண்டு போவார்கள், நம் அரண்மனைக்காரன் தெரு அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போவதைப் போலவே. குண்டு வைத்தவர்களின் இலக்கு கிறிஸ்தவர்களைத் தாண்டியது என்றே எனக்குப் படுகிறது. மயிலாப்பூரில் விளக்கெரித்த அந்த முஸ்லிம் இருந்ததைப் போன்ற இடங்கள் இன்னும் மிச்சம் இருப்பதுதான் அவர்களைக் கலங்கடித்தது.

ஆய்வில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முத்துக்குளித்துறை வரலாற்றை நாம் பெரும்பாலும் இயேசு சபையாரின் கடிதங்கள் வழியாகவே படிக்கிறோம். அவை செறிவானவை, நேர்மையானவை. ஆயினும் ஒரு தரப்பின் கண்கள். காயல்பட்டினம், கீழக்கரை, பழவேற்காடு முஸ்லிம் குடும்பங்களிடம் உள்ள அரபுத் தமிழ் ஏடுகளும் வம்சக் குறிப்புகளும் அதே அக்கறையோடு வாசிக்கப்பட வேண்டும். பரதவர்களின் வாய்மொழி மரபும் ஊர்ப் பட்டயங்களும் அவற்றோடு ஒப்பிடப்பட வேண்டும். துஹ்ஃபத்துக்கும் சவேரியாரின் கடிதங்களுக்கும் குறிப்புகளுடன் கூடிய நல்ல தமிழ்ப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் கல்லூரி மாணவர்கள் படிக்க வேண்டும். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதே ஊரின் பழைய பள்ளிவாசல் கல்வெட்டுகளும் மகிமை மாதா கோயிலின் பழம்பதிவுகளும் உப்புக்காற்று தின்று தீர்ப்பதற்கு முன் படியெடுக்கப்பட வேண்டும்.